வந்து கூட்டிட்டுப் போ

டத்தோ கிராமாட்டில் அடுக்குமாடி வீடு கிடைத்து நாங்கள் குடிவந்த அன்று லிஃப்ட் ஓடவில்லை. எங்கள் வீடு ஆறாவது மாடியில். தெரிந்தவர்கள் நாலு பேரைக் கூப்பிட்டால் சாமான் எல்லாம் மத்தியானத்துக்குள் மேலே போய்விடும் என்று அம்மா சொன்னார். அண்ணன் காதில் வாங்கவில்லை. குளிர்பெட்டியைக் கயிறு போட்டு முதுகில் கட்டிக்கொண்டு படியேறத் தொடங்கினார். மாடிக்கு மாடி கதவைத் திறந்து ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு சீனப் பெரியவர் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்க வந்தார். "வேணாம் அங்கிள், நான் பார்த்துக்கிறேன்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்.

அந்த "நான் பார்த்துக்கிறேன்" தான் என் அண்ணன். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. பள்ளிச் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு, எங்கள் தீவிலிருந்து ஃபெரி ஏறி அக்கரையில் பட்டர்வொர்த் துறைமுகத்துக்குக் கூலி வேலைக்குப் போனார். கயிறு பிடித்தார், மூட்டை எண்ணினார், லாரிக்குக் கைகாட்டினார். பிறகு கிரேன் ஓட்டப் படித்து உரிமம் வாங்கினார். கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கி இறக்கும் அந்த ராட்சத கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பார். என்னை மருத்துவமனைத் தாதிப் பயிற்சிக்கு அனுப்பியவர் அவர். அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவரும் அவர்தான். எங்களுக்காக அவர் யார் வீட்டு வாசலிலும் போய் நின்றதில்லை. சொந்தக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லி மெச்சுவார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

குடிப்பழக்கம் எப்போது வந்தது என்று திட்டமாகச் சொல்ல முடியாது. ஷிஃப்ட் முடிந்து ஃபெரி ஏறுமுன் ஒரு பீர். பிறகு ஃபெரியிலிருந்து இறங்கியதும் ஒன்று. அம்மா இறந்த பிறகு சம்சுவுக்கு வந்துவிட்டார். சம்சு என்பது இங்கே மளிகைக் கடை அலமாரியில்கூடக் கிடைக்கும் மலிவான சாராயம். சின்ன போத்தலில் வரும், சட்டைப்பைக்குள் அடங்கும்.

வேடிக்கை என்னவென்றால், அவரால் நிறுத்த முடியும். நாங்கள் கத்தோலிக்கர்கள். ஒவ்வொரு தவக்காலத்திலும் திருநீற்றுப் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வருவார். அன்றிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் ஒரு சொட்டுத் தொடமாட்டார். கை நடுங்கும், முகம் வெளுத்துப்போகும், அண்ணியிடம் எரிந்து விழுவார். ஆனால் தொடமாட்டார். ஈஸ்டர் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு கிளாஸை ஊற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

"பாத்தீங்கல்ல? நான் நெனச்சா நிறுத்திருவேன். இது என் கையில இருக்கு."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வார்டில் எத்தனையோ குடிகாரர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம்கூடத் தாங்காதவர்கள். என் அண்ணன் அவர்களைப் போல இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் காலை வேலைக்குப் போனவரைக் கூண்டில் ஏறவிடாமல் மேற்பார்வையாளர் கீழேயே நிறுத்திவிட்டார். வாயில் வாசம். நல்லவேளை, அன்று எதுவும் நடக்கவில்லை. கிரேனிலிருந்து எடுத்துக் கிடங்கு வேலைக்குப் போட்டார்கள். அவமானம் தாங்காமல் அண்ணன் வீட்டுக்கு வந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "இன்னியோட சரி. யாரும் எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம்" என்று உள்ளேயிருந்து சொன்னார். அப்போது அவர் குடித்துக்கொண்டிருந்த அளவுக்கு, அப்படித் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அவர் நிறுத்தியது எனக்குத் தெரிந்திருந்தால் உடனே ஓடி வந்திருப்பேன். மறுநாள் அண்ணி எனக்குப் போன் பண்ணியபோது அண்ணன் வலிப்பு வந்து தரையில் கிடந்தார்.

நான் வேலை செய்யும் மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள். கட்டிலில் கிடந்தவரின் கைகளைத் துணிபோட்டுக் கட்டியிருந்தார்கள். பொழுது தெரியாமல் உளறினார். மூன்றாம் நாள் தெளிந்ததும் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "ஒண்ணுமில்ல, நான் பார்த்துக்கிறேன்" என்பதுதான்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அண்ணி எழுந்து வெளியே போய்விட்டார். அண்ணி லிட்டில் இந்தியா கடைத்தெருவில் ஒரு சேலைக்கடையில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்க நின்றபடி சேலை பிரித்துக் காட்டுகிறவர், அதிர்ந்து பேசாதவர். கடையில் அவரோடு வேலை செய்த ஒரு பெண்ணின் கணவர் அக்கரையில் நிபோங் தெபால் பக்கம் ஒரு கிறிஸ்தவ மறுவாழ்வு இல்லத்தில் தங்கித் தெளிந்து வந்திருந்தார். அண்ணி நடைபாதையிலேயே நின்று அந்த இல்லத்துக்குப் போன் பண்ணி இடம் கேட்டிருக்கிறார். எங்கள் யாரிடமும் கலந்து பேசவில்லை.

"அவங்க கை தட்டிக் கத்தி ஜெபம் பண்றவங்க அண்ணி. நமக்கு அது சரிப்படுமா? அண்ணனுக்கு வேண்டியது டாக்டரு" என்றேன்.

"டாக்டர் பாக்கட்டும். மாத்திரை குடுக்கட்டும். அதுக்கப்புறம் யாரு பாப்பா? இந்த ஆளே தன்னைப் பாத்துக்குவாரா? அதைத்தான் இத்தன வருஷமா பாத்தாச்சே."



உடம்பு தேறி, டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்த பிறகு, அண்ணனை அங்கே கொண்டுபோய் விட்டோம். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு பழைய பலகை வீடு. பின்னால் கோழிக்கூண்டு, காய்கறிப் பாத்தி, ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைதான் ஜெபக்கூடம். இல்லத்தை நடத்துபவர் ஒரு போதகர். ஒல்லியான மனிதர். சட்டைக் கையைச் சுருட்டினால் முழங்கையில் பழைய ஊசித் தழும்புகள் தெரியும். இளம் வயதில் பவுடர் என்கிற போதைமருந்து அடித்தவர், சிறையில் இருந்தவர். அதை அவர் மறைக்கவும் இல்லை, பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

என்னைப் பார்த்ததும் "வாங்க சிஸ்டர்" என்றார். கத்தோலிக்கர்களுக்கு சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி. எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அதில் எனக்குக் கொஞ்சம் பயம் தெளிந்தது. இருந்தாலும் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"எங்கண்ணனுக்கு மனவுறுதி ஜாஸ்தி பாஸ்டர். பதினாறு வயசுல குடும்பத்தத் தூக்கி நிறுத்துனவரு. அவரு மனசு வச்சா நிறுத்திருவாரு."

"நிறுத்திருவாரு சிஸ்டர். எத்தனையோ தடவை நிறுத்திட்டாரே. நிறுத்துறதுல அவருக்குக் கஷ்டமே இல்ல. நிறுத்தினதுக்கப்புறம் எப்படி இருக்கிறதுன்னுதான் தெரியல."

"அப்ப ஜெபம் பண்ணா போதும்ங்கிறீங்களா? வலிப்பு வந்தவரு. மாத்திரைய நிறுத்தினா..."

"மாத்திரைய நிறுத்தச் சொல்ல நான் என்ன டாக்டரா லா? வேளா வேளைக்கு நானே குடுப்பேன். கிளினிக்குக்கும் கூட்டிட்டுப் போவேன். நான் சொல்றது வேற. நான் ஜெயில்ல இருந்த வருஷமெல்லாம் பவுடரைத் தொடல. வெளிய வந்த அன்னிக்கே அடிச்சேன். உள்ள இருந்தவன் அதே ஆளுதான். ஆளு மாறணும் சிஸ்டர். அத நானே எனக்குச் செஞ்சுக்க முடியல."

அந்த இல்லத்தில் ஒரு விதி இருந்தது. எந்த வேலையையும் யாரும் தனியாகச் செய்யக்கூடாது. கோழிக்கூண்டு கழுவினாலும் இரண்டு பேர், சட்டி கழுவினாலும் இரண்டு பேர். ஒரு வாளித் தண்ணீர் தூக்கினாலும் பக்கத்தில் இருப்பவரிடம், "கொஞ்சம் பிடிக்கிறீங்களா?" என்று கேட்க வேண்டும். அண்ணனுக்கு அது சித்திரவதையாக இருந்தது.

ஒரு நாள் தண்ணீர் பம்பு பழுதாகிவிட்டது. விடிவதற்கு முன்னால் எழுந்து, யாருக்கும் சொல்லாமல், தனியாக அதைப் பிரித்துப் பழுது பார்த்து ஓடவிட்டுவிட்டார். எல்லாரும் எழுந்து வந்து பார்த்துப் பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்து நின்றிருக்கிறார். போதகர் வந்து குழாயைத் திறந்து பார்த்தார்.

"நல்லா ஓடுது. இப்ப திரும்பக் கழட்டுங்க. இன்னொருத்தரைக் கூப்பிட்டு, ரெண்டு பேருமாச் சேர்ந்து மாட்டுங்க."

அன்று மதியம் அண்ணன் வீட்டுக்குப் போன் பண்ணினார். "இங்க இருக்கிறவனுங்க எல்லாம் கிறுக்கனுங்க. மோட்டோவ எடுத்துட்டு வா, நான் கிளம்புறேன்" என்றார். அண்ணிக்கு மோட்டார் சைக்கிள் நன்றாக ஓட்டத் தெரியும். அவர் போகவில்லை. போனை வைத்துவிட்டு, மதியத்துக்கு மேல் கடையில் சேலை மடிக்கப் போய்விட்டார்.

கிளம்பவும் முடியாமல் இருக்கவும் பிடிக்காமல், அண்ணன் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கிரேன் உரிமத் தேர்வுக்குப் படித்த மாதிரி ஜெபத்தைப் படிக்கத் தொடங்கினார். எல்லாருக்கும் முன்னால் எழுந்தார். விவிலியத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். வசனங்களை மனப்பாடமாகச் சொன்னார். தூங்கி வழிபவர்களைக் கண்டித்தார். தங்க வேண்டிய காலம் முடிந்து வீடு திரும்பியபோது முகம் பளபளவென்றிருந்தது. கன்னத்தில் சதை போட்டிருந்தது.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் போகிற இடமெல்லாம் நானும் போனேன். ஜெபக்கூட்டங்களில் தன் கதையைச் சாட்சியாகச் சொல்ல அவரைக் கூப்பிட்டார்கள். மைக்கைக் கையில் பிடித்து, "நான் ஒரு முடிவெடுத்தேன், ஆண்டவர் என்னை ஆசீர்வதிச்சார், நான் ஜெயிச்சேன்" என்று அவர் முழங்கும்போது நான் போனில் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். எங்கள் கத்தோலிக்கக் கோயில் சாமியாரை ஒரு தடவை வாசலில் நிறுத்தி, அவர் பிரசங்கத்தையே திருத்தினார். வீட்டில் அவர் மகள் டிவி பார்த்தால் குற்றம், அண்ணி கடைப் பெண்களோடு சிரித்துப் பேசினால் குற்றம்.

"மாறிட்டாரு, இல்ல அண்ணி?" என்று நான் கேட்டபோது அண்ணி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார்.

"அதே ஆளுதான் லா. போத்தல் மட்டும் கையில இல்ல" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை செய்த பிறகும் திருப்திப்படாத பெண் என்று நினைத்தேன்.

அண்ணன் துறைமுகத்தில் மறுபடி கிரேன் வேலைக்கு மனு போட்டிருந்தார். கட்டாயம் கிடைக்கும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கிடைக்கவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இல்லத்துக்குப் போன் பண்ணவும் இல்லை. வழக்கம்போல வேலைக்குப் போனார், வந்தார், சாப்பாட்டுக்கு முன் சத்தமாக ஜெபித்தார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நான் வார்டில் ஒரு பாட்டிக்குக் காலில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அண்ணன் பெயர். அவர் பகலில் என்னைக் கூப்பிட்டதே கிடையாது. உண்மையில் எந்த நேரத்திலும் அவராக என்னைக் கூப்பிட்டதில்லை. நான்தான் கூப்பிடுவேன். கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்தேன்.

"தங்கச்சி." நாக்கு குழறியது. "நான் குடிச்சிட்டேன். வெல்ட் கீயில பஸ் ஸ்டாப்புல இருக்கேன். என்னால முடியல. வந்து கூட்டிட்டுப் போ."

பாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போயிட்டு வா மிஸ்ஸி, என் காலு எங்கயும் ஓடாது" என்றார். இங்கே தாதிகளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, சீருடையோடு காரை எடுத்துக்கொண்டு போனேன்.

படகுத்துறைக்கு எதிரே, வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளுக்கும் தொழிற்சாலைப் பெண்களுக்கும் நடுவில், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பாதிப் போத்தல். என்னைப் பார்த்ததும் எழ முயன்று முடியாமல் உட்கார்ந்தார். போத்தலைப் பிடித்த கையை என் பக்கம் நீட்டினார்.

"இத என் கையிலேர்ந்து வாங்கு. கீழ வைக்கணும்னு பாக்குறேன். கை விடமாட்டேங்குது."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜனங்கள் பார்த்தார்கள். சீருடை போட்ட மிஸ்ஸியும் குடித்திருக்கிற ஆளும். எனக்கு வெட்கமாக இல்லை. நியாயமாகப் பார்த்தால் மனம் உடைந்திருக்க வேண்டும், இத்தனை மாத உழைப்பும் வீண் என்று அழுதிருக்க வேண்டும். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. என் அண்ணன் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். குளிர்பெட்டியைத் தூக்கியபோது கேட்காதவர், அப்பாவை அடக்கம் செய்தபோது கேட்காதவர், எனக்குப் போன் பண்ணி வா என்று சொல்லியிருக்கிறார்.

காரில் ஏறியதும் அழத் தொடங்கினார்.

"நான் கேட்டதே இல்ல தங்கச்சி. ஆண்டவர்கிட்டகூடக் கேட்டதில்ல. அங்க இருந்த வரைக்கும், 'பாருங்க ஆண்டவரே, நான் எவ்வளவு நல்லா ஜெபம் பண்றேன்'னு காட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். இன்னிக்கு அந்த பெஞ்சுல உக்காந்துதான் மொத மொதல்ல கேட்டேன். என்னால முடியல, யாரையாவது அனுப்புங்கன்னேன். அப்புறம்தான் உனக்குப் போன் பண்ணேன்."

நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினேன். தேறியதும், அவரே போதகருக்குப் போன் பண்ணித் திரும்ப வரலாமா என்று கேட்டார். "கோழிக்கூண்டு உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கு" என்றாராம் போதகர்.

இரண்டாவது தடவை அவர் அங்கே இருந்தது முதல் தடவையைவிட நீண்ட காலம். ஆனால் சொல்வதற்குக் கதை குறைவு. மைக்கைக் கொடுத்தால் வேண்டாம் என்றுவிடுவாராம். சமையலறையில் சட்டி கழுவும் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் பார்க்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாக வந்த ஒரு மீனவர் நடுக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "நல்லவேளை வந்த. இவருக்கு நாடி பாரு. எனக்குப் பயமா இருக்கு" என்றார். பயமாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த மீனவரை உடனே கிளினிக்குக்குக் கொண்டுபோனோம்.

எல்லாரும் தேறினார்கள் என்று எழுதினால் அது பொய். அண்ணனோடு ஒரே அறையில் இருந்த ஒருவர், அருமையாகப் பாடுகிறவர், வெளியே போய் மறுபடி குடியில் விழுந்து, திரும்பவே இல்லை. அடக்கத்துக்கு நாங்கள் போயிருந்தோம். அவரும் முழங்காலில் நின்று அழுதவர்தான், உண்மையாகவே அழுதவர். ஏன் ஒருவர் நிற்கிறார், ஒருவர் விழுகிறார் என்று போதகரிடம் கேட்டேன். "எனக்குத் தெரியாது சிஸ்டர்" என்றார். தெரியும் என்று சொல்லியிருந்தால் நான் அவரை அவ்வளவு நம்பியிருக்கமாட்டேன்.

வீட்டுக்குத் திரும்பி வந்த அண்ணனிடம் வித்தியாசம் சின்னச் சின்ன விஷயங்களில்தான் தெரிந்தது. மின்விசிறி மாட்டும்போது பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஏணியைப் பிடிக்கச் சொன்னார். அண்ணி சொல்வதைக் கேட்டுவிட்டு, "அப்படியா, நான் அத யோசிக்கல" என்றார். ஞாயிறு எங்கள் கோயில் பூசைக்கு வருவார், வியாழன் அக்கரைக்குப் போய் இல்லத்துக் கூட்டத்தில் உட்காருவார். கடைசி வரிசை. அவர் மகள், என் மருமகள், பல வருஷமாக அப்பாவோடு சரியாகப் பேசாதவள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்படி அவளே ஒரு நாள் கேட்டாளாம். முதல் நாளே பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்துவிட்டாள். என் வீட்டுக்கு ஓடிவந்து அதைச் சொன்னாள்.

"லைட்டு ஒடஞ்சிருச்சு அத்தை. நான் அழ ஆரம்பிச்சிட்டேன். அப்பா கத்தல அத்தை. கத்தவே இல்ல. 'எனக்கும் பதட்டமா இருக்கு, ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா உக்காரலாம்'னாரு."

சொல்லிவிட்டு அவள் அழுதாள். நானும் அழுதேன்.

ஒரு வியாழக்கிழமை நானும் அவரோடு அக்கரைக்குப் போனேன். ஃபெரியில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தோம். மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"அண்ணே, ஆண்டவர் செஞ்சாருன்னு சொல்றீங்க. நான் இல்லேங்கல. ஆனா விடியக்கால எந்திரிச்சது நீங்க. மாத்திரை சாப்பிட்டது நீங்க. மனவுறுதி இல்லாம இதெல்லாம் நடக்குமா? உங்களுக்குன்னு ஒரு பங்கு இல்லையா?"

கம்பியிலிருந்து கையை எடுத்து என் பக்கம் திரும்பினார்.

"மனவுறுதி இருந்தப்பதான் தங்கச்சி நான் குடிச்சேன். தவக்காலம் பூரா நிறுத்தினேனே, அது என் மனவுறுதி. ஈஸ்டர் அன்னிக்குக் குடிச்சதும் அதே மனவுறுதிதான். நான் ஜெயிச்சேன், இப்ப குடிப்பேன்னு."

"அப்ப இப்ப எது தாங்குது?"

"காலையில எந்திரிச்சதும் கேக்குறேன். இன்னிக்கு என்னைப் பிடிச்சுக்குங்கன்னு. அவ்வளவுதான். அப்புறம் நீ இருக்க, உங்க அண்ணி இருக்கா, பாஸ்டர் இருக்காரு, டாக்டர் இருக்காரு. யாருக்கு வேணாலும் போன் பண்ணுவேன். வெக்கமே இல்ல இப்ப."

"டாக்டரையும் சேத்துக்கிட்டீங்களே, சந்தோஷம்" என்றேன்.

"அவரையும் ஆண்டவர்தான் அனுப்புனாரு" என்று சிரித்தார்.

அந்த விவாதத்தில் நாங்கள் இருவரும் இன்றுவரை ஒத்துப்போனதில்லை. மாறுவதற்குத் தயாராக இருக்கும் மனமும் அவருடையதுதானே என்று எனக்குத் தோன்றும். அதையும் ஆண்டவரிடமிருந்து வாங்கிக்கொண்டதாகத்தான் அவர் சொல்வார். ஆனால் முன்பு குடி நின்றபோது நான் பார்த்த ஆள் வேறு, இப்போது பார்க்கிற ஆள் வேறு. அதை நான் மறுக்கமாட்டேன். முன்பெல்லாம் நிறுத்தியிருக்கும் காலத்தில் அவர் பக்கத்தில் போகவே பயமாக இருக்கும். இப்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அவர் மடியில் ஏறுகிறார்கள்.

போன வருஷம் துறைமுக வேலைகளை எடுத்துச் செய்யும் வேறொரு நிறுவனம் அனுபவமுள்ள கிரேன் ஓட்டுநர்களைத் தேடியது. அண்ணனை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். பேசியவர் ஓர் இளம் மலாய்ப் பெண் அதிகாரி. அண்ணன் உட்கார்ந்ததும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, தான் குடிகாரர் என்பதை முதலில் சொல்லியிருக்கிறார். குடித்துவிட்டு வேலைக்கு வந்ததால் கிரேனிலிருந்து இறக்கப்பட்டதையும் சொன்னார். தன்னை மேலே தனியாக உட்காரவைக்க வேண்டாம், கீழே ஆட்களோடு நின்று கிரேனுக்குக் கைகாட்டும் வேலை கொடுங்கள், புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் முடியும் என்றார். வேலைக்கு ஏறும் முன் ஒவ்வொரு நாளும் வாயை ஊதிக் காட்டத் தயார் என்றும் சொன்னார். அந்தப் பெண் இதுவரை யாரும் இப்படி வந்து சொன்னதில்லை என்றாராம். சில வாரம் கழித்து வேலை கிடைத்தது. இப்போது மஞ்சள் தொப்பியும் விசிலுமாகத் தரையில் நிற்கிறார். புதிதாகக் கூண்டில் ஏறுகிறவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடம், கீழே நிற்பவனைக் கேட்காமல் எதையும் தூக்காதே என்பது. இதை அண்ணிதான் என்னிடம் சொன்னார், கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு முன்னாலேயே, குரலை உயர்த்தி. அண்ணி குரல் உயர்த்திப் பேசி அன்றுதான் கேட்டேன்.

இந்த வருஷம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பூசை முடிந்து மண்டபத்தில் விருந்து. மாப்பிள்ளையின் அப்பா அம்மாவிடம் நிச்சயத்துக்கு முன்பே அண்ணன் தன் கதையைச் சொல்லியிருந்தார். மற்றவர்களுக்குத் தெரியாது. மண்டபத்தின் ஒரு பக்கத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் தாங்களே கொண்டுவந்த போத்தல்களைத் திறந்திருந்தார்கள். பெண்ணின் தகப்பன் என்று அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். "ஒரு கிளாஸ் லா மச்சான், மகளுக்குக் கல்யாணம்!" என்றார் ஒருவர். "எனக்கு ஆகாது மச்சான், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் நேரே என் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்குறேன். எதையாவது பேசிக்கிட்டிரு."

நான் வார்டுக் கதைகளை அவிழ்த்துவிட்டேன். போதகரும் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். எதிரே மாப்பிள்ளையின் பெரியம்மா இருந்தார். பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன சம்பந்தி, பொண்ணோட அப்பா நீங்க, ஆம்பளைங்களோட இல்லாம இங்க வந்து உக்காந்துட்டீங்க?"

நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அண்ணன் முந்திக்கொண்டார்.

"நான் குடிகாரன்மா. இப்ப குடிக்கிறதில்ல. அந்த மேசை பக்கம் இருந்தா எனக்குக் கஷ்டமா இருக்கும். அதான் தங்கச்சிகிட்ட வந்துட்டேன்."

குரலில் தழுதழுப்பு இல்லை, வீம்பும் இல்லை. முழங்கால் வலிக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். அத்தனை பேர் முன்னால், சம்பந்தி வீட்டார் முன்னால், என் அண்ணன் சொன்ன அந்த வார்த்தையைக் கேட்டு என் முதுகு தானாக நிமிர்ந்தது.

அந்த அம்மா பிரியாணிச் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, கறித்துண்டாகப் பார்த்து அள்ளி அண்ணன் தட்டில் வைத்தார்.

"சாப்பிடுங்க சம்பந்தி. நானும் இங்கதான் இருக்கப் போறேன்" என்றார்.